டெல்லிக் குளிரும் ஒரு பள்ளி வேன் பேட்டரியும்

இப்போது வருகிற கார் பேட்டரிக்கு மூடியே கிடையாது. எல்லாவற்றையும் ஒட்டி சீல் வைத்துவிடுகிறார்கள். மேலே சின்னதாக ஒரு கண்ணாடிக் கண். பச்சையாகத் தெரிந்தால் உயிரோடு இருக்கிறது, கறுத்துவிட்டால் தூக்கிப் போடு. போன மாதம் எங்கள் பழைய டிபார்ட்மென்ட்டில் வேலை பார்க்கிற ஒரு பெண் போனில் கேட்டாள்: "மேடம், உங்க காலத்துல வாரண்டி கிளெய்ம் வந்தா என்னதான் செய்வீங்க? எங்களுக்கு மெஷினே சீட்டு அடிச்சுக் குடுத்துடுது." என்னதான் செய்வீர்களாம்! சுருக்கென்று கோபம் வந்துவிட்டது எனக்கு. அப்புறம் யோசித்தால், பாவம், அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொள்ளலாம்.

நான் மதுரைக்காரி. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி டெல்லிக்கு வந்தேன். வீட்டுக்காரர் மத்திய சர்க்கார் குமாஸ்தா. லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் என்று போனார்கள். உட்கார்ந்த இடத்தில் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை போதாது. ஒரு பேட்டரி கம்பெனியின் கரோல்பாக் சர்வீஸ் சென்டருக்கு டெஸ்டிங் அசிஸ்டென்ட் வேண்டும் என்று பேப்பரில் பார்த்தேன். எழுதிப் போட்டேன், கூப்பிட்டார்கள். ஃபாக்டரியில் சில மாதம் பயிற்சி. ஈயம், ஆசிட், இருமல், அவ்வளவுதான். திரும்பி வருவதற்குள் கொண்டுபோன காட்டன் புடவை எல்லாம் சல்லடை. ஆசிட் தெறித்தது அன்றைக்குத் தெரியாது. துவைத்துப் பிழியும்போது பொத்துக்கொண்டு போகும். அன்றிலிருந்து வேலைக்கு டெரிலின் புடவைதான், மேலே கம்பளி ஸ்வெட்டர். கம்பளியை ஆசிட் லேசில் தின்னாது.

வொர்க்‌ஷாப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் வாரம் முழுக்க, "பெஹன்ஜி, டைப்பிஸ்ட் ரூம் மாடியில்" என்று எனக்கு வழி காட்டாத ஆளே இல்லை. அடுத்த குளிர்காலத்தில் அதே ஆட்கள்தான் கவுண்டரில் தகராறு வந்தால் "மேடத்தைக் கூப்பிடு" என்றார்கள்.

குளிர்காலம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், டெல்லியில் பேட்டரிக்கு ஆபத்து ஜனவரியில்தான் வரும். கோடை வெயிலிலேயே பாதி உயிர் போயிருக்கும், யாருக்கும் தெரியாது. பனி இறங்கி, எஞ்சின் ஆயில் வெண்ணெய் மாதிரி இறுகி, ஸ்டார்ட்டர் முக்கி முனகும்போதுதான் குட்டு வெளிப்படும். காலையில் நாங்கள் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் வரிசை நிற்கும். சர்தார்ஜி டாக்சிக்காரர்கள், கர்னல்கள், கரோல்பாக் வியாபாரிகள். பேட்டரிக்குப் பஞ்சு ரஜாய் போர்த்திக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்தவரும் உண்டு. பெரிய அதிகாரி ஒருவர், வீட்டுக்குள் அங்கீட்டிக் கரியடுப்புப் பக்கத்தில் ராத்திரி முழுக்கப் பேட்டரியைக் குளிர் காய வைத்துவிட்டார். மேலே ஊற்றி அடைத்திருந்த தார் உருகி வழிந்து, அது பேட்டரியா பாகு காய்ச்சின பாத்திரமா என்று தெரியவில்லை. "உற்பத்திக் குறை" என்று கிளெய்ம் வேறு! நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது, நல்ல மனுஷர்.

எங்கள் மேலதிகாரி கன்னா சாஹிப். ஒல்லியான பஞ்சாபி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருக்கு மூன்று விதமான 'அச்சா' உண்டு. சட்டென்று சொன்னால் ஒத்துக்கொண்டார். இழுத்துச் சொன்னால் நம்பவில்லை. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், மறுபடி முதலிலிருந்து டெஸ்ட் செய்துகொண்டு வா என்று அர்த்தம். அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று மற்ற சென்டர்களில் கிடையாது. மற்ற இடங்களில் பேட்டரி வந்ததும் மேலே சலவைச் சோடா கரைத்த சோடாத் தண்ணீர் ஊற்றி, தேய்த்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் டெஸ்டுக்கு எடுப்பார்கள். இவர் விடமாட்டார். "பெஹ்லே தேக்கோ, ஃபிர் போச்சோ" என்பார். முதலில் பார், அப்புறம் துடை. எங்கே ஈரம், எங்கே பூத்திருக்கிறது, எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது, எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "எனக்கு என்ன தோணுதுன்னா..." என்று ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். தோன்றுவதைக் கடைசியில்தான் கேட்பார்.

பார்த்து முடித்த பிறகு மூடிகளைக் கழற்றி ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சினால் உள்ளே ஒரு மிதவை. ஆசிட் கெட்டியாக இருந்தால் உயர நிற்கும், தண்ணீராகிப் போயிருந்தால் முங்கும். பிறகு நிதானமாக சார்ஜ் ஏற்றி, ஆறவிட்டு, மறுபடி பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் பேட்டரி பொய் சொல்லும் என்பார் கன்னா சாஹிப். சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷரிடம் கற்றதுதான் நான் கடைசிவரை சாப்பிட்ட சோறு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜனவரி. கவுண்டரில் தமிழில் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தேன். யமுனைக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் சிலர் கமிட்டி போட்டு நடத்திய சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றின் செக்ரட்டரி. கோட்டு, மஃப்ளர், ஆர்.கே.புரத்து ஆபீசர் களை. பெயர் சுந்தரேசன் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பள்ளி வேன் டிரைவர் காதர், பேட்டரியைக் கவுண்டரிலிருந்து திரும்பத் தூக்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். ஆம்பூர்க்காரர், தலை நரைக்க ஆரம்பித்த ஆள்.

விஷயம் இதுதான். போன கோடையில் வாங்கின பேட்டரி, வாரண்டி பாக்கி இருக்கிறது, குளிர் வந்ததும் வேன் கிளம்புவதில்லை. கவுண்டரில் இருந்த சர்மா ஒரே ஒரு மூடியைத் திறந்து மிதவையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆசிட் இல்லை, வெறும் தண்ணீர். கண்டபடி குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், செக்ரட்டரி டிரைவர் மேல் பாய்ந்தார்.

"டிஸ்டில்டு வாட்டர் வாங்கித் தரேனே, அதை என்னய்யா பண்றே? குழாயைத் திறந்து விட்டியா? பிள்ளைங்க குளிர்ல ரோட்டுல நிக்குதுங்க, உனக்கென்ன! ஞாயித்துக்கிழமை கமிட்டியில வேற டிரைவரைப் பார்க்கச் சொல்றேன்."

"சார், அல்லா மேல ஆணையா நான் குழாய்த் தண்ணி ஊத்தல சார்."

"பேசாதே."

காதர் ஒரு அடி பின்வாங்கினார். அவருடைய இரண்டு பெண்களும் அதே பள்ளியில்தான், டிரைவர் பிள்ளைகள் என்று சம்பளம் இல்லாமல் படிக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வேலை போனால் படிப்பும் போகும். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் வயசில் பெரிய மனுஷனை "பேசாதே" என்றது எனக்குப் பொறுக்கவில்லை. போய், "சார், கவுண்டர்ல பார்க்கறது முதல் பார்வைதான். முழு டெஸ்ட் நான் பண்ணணும். பேட்டரியை வச்சுட்டுப் போங்க" என்றேன். சர்மா முறைத்தான். முறைக்கட்டும்.

உள்ளே கொண்டுபோய், துடைக்காமல், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கேபிள் முனைகள் சுத்தம், பூத்துப்போகாமல் வாஸ்லின் தடவியிருக்கிறது. அக்கறை இல்லாதவன் வேலை இல்லை இது. ஆனால் மேல்புறம் முழுக்க ஈரம். முனைகளைச் சுற்றித் தாரோடு சேருகிற இடத்தில் ஆசிட் கசிந்து பக்கவாட்டில் இறங்கியிருந்தது. ஆறு மூடிகளின் மேலும் பழுப்பு மஞ்சளாக என்னவோ அப்பிக் காய்ந்திருந்தது. சேறு என்றுதான் நினைத்தேன். சர்மா தொடாத ஒரு மூடியைத் திருகினதும் 'புஸ்ஸ்' என்று சீறியது. கன்னா சாஹிப் தன் மேஜையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

முதலில் தண்ணீர்க் கதையைத் தீர்த்துவிடுவோம் என்று ஒவ்வொரு அறையிலிருந்தும் கொஞ்சம் ஆசிட் எடுத்து, சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டேன். குழாய்த் தண்ணீர் கலந்திருந்தால் உப்பு இருக்கும், பால் மாதிரி வெளுக்கும். ஆறும் கண்ணாடி மாதிரி நின்றன. ஒரு துளி குழாய்த் தண்ணீர் கிடையாது. காதர் சொன்னது சத்தியம்.

"தோ தேஜாப் கஹாங் கயா?" என்றார் கன்னா சாஹிப். அப்படியானால் ஆசிட் எங்கே போனது? நியாயமான கேள்வி. சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் வாயு உண்டாகும். அது வெளியேற ஒவ்வொரு மூடியிலும் ஊசித்துளை வைத்திருப்பார்கள். அந்தத் துளை அடைபட்டால், வாயு ஆசிட்டை முனையோரமாகப் பிதுக்கித் தள்ளும். குறைந்ததைக் கண்டு டிரைவர் ஒழுங்காக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். ஊற்ற ஊற்ற உள்ளே நீர்த்துக்கொண்டே போகும். குளிர் வரட்டும், படுத்துவிடும். ஆக, துளைகள் அடைபட்டிருக்கின்றன. எதனால்?

ஒரு குண்டூசியால் அந்த மஞ்சளைச் சுரண்டினேன். மூக்கருகே கொண்டுபோனேன். ஆசிட் நெடிக்கு அடியில் ஒரு வாசனை. ஐயோ! வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுப் பூஜை அலமாரி வாசனை. சந்தனம்!

சந்தனம் இருந்தால் நடுவில் இன்னொன்றும் இருக்குமே. வீட்டில் செய்த குங்குமம் என்றால் அது மஞ்சள்தான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும், ஆசிட் பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். அதைத் திரும்பச் சிவக்கவைக்க ஆசிட்டைக் கொல்கிற சோடாத் தண்ணீர் போதும், அது எங்கள் வொர்க்‌ஷாப்பில் வாளி வாளியாக இருக்கிறது. ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மற்ற ஐந்தையும் தொடாமல் வைத்து, "நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் வரட்டும் சார்" என்றேன். கன்னா சாஹிப் சட்டென்று "அச்சா" என்றார். முதல் ரகம்.

மறுநாள் இருவரும் வந்து நின்றார்கள். சில்வர் நைட்ரேட் சோதனையை அவர்கள் கண் முன்னாலேயே செய்து காட்டினேன். பக்கத்தில் குழாய்த் தண்ணீரிலும் சொட்டு விட்டேன். அது வெளுத்தது, பேட்டரியில் எடுத்தது வெளுக்கவில்லை. "இவர் ஊத்தினது நல்ல தண்ணி" என்றேன். பிறகு தொடாமல் வைத்திருந்த ஐந்து மூடிகளைக் காட்டி, ஒவ்வொன்றின் மேலும் சோடாத் தண்ணீர் சொட்டினேன். புஸுபுஸுவென்று நுரைத்து அடங்கியது. அடங்கின இடத்தில் வட்டமாக, செக்கச்செவேல் என்று, பொட்டு. ஒன்றன் பின் ஒன்றாக ஐந்து மூடியிலும் பொட்டு எழுந்து வந்தது. சர்மா எல்லோருக்கும் பின்னாலிருந்து எக்கிப் பார்த்தான்.

 காதர்தான் முதலில் பேசினார். "ஆயுத பூஜைக்கு வச்சதும்மா."

"யாரு வச்சது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் செக்ரட்டரியைப் பார்த்தேன். அவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். "வருஷா வருஷம் நான்தான் வைப்பேன்" என்றார் மெதுவாக. "வண்டிக்கு இதயம் பேட்டரிதானேன்னு, பானட்டைத் திறந்து அதுக்கும்... ஆத்துல அரைச்ச சந்தனம்மா, கட்டியா வச்சாத்தான் உதிராம நிக்கும்."

"இத்தனை மாசமா மூடியைத் திறந்து தண்ணி ஊத்தறீங்களே பாய், துடைச்சிருக்கலாமே?" என்றேன் காதரிடம்.

"சாமி பொட்டும்மா. அதுவும் சார் கையால வச்சது. நான் எப்படி அழிப்பேன்? ஓரமாப் பிடிச்சுத் திருகித் திறப்பேன், அப்படியே மூடுவேன். திறக்கும்போது சீறும். புது பேட்டரி, பலமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

 ஆனால் எங்கள் விதியில் இதற்கெல்லாம் இடமில்லை. துளை அடைபட்டது வாடிக்கையாளர் செய்கை, வாரண்டி கிடையாது.

செக்ரட்டரி என்னைத் தனியே ஒதுக்கினார். "அம்மா, நம்ம ஆளு நீங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. சீல் சரியில்லை, கம்பெனி தப்புன்னு ஒரு வரி எழுதிடுங்க. புது பேட்டரி வந்துடும், யாருக்கும் பொல்லாப்பு இல்லை. கிளெய்ம் இல்லேன்னா கமிட்டிக்கு நான் ஒரு ஆளைக் காட்டியாகணும். யாரைக் காட்டுவேன், சொல்லுங்க?"

சொல்வதற்கு என்ன இருக்கிறது? பக்கத்தில் நிற்கிற ஆளைத்தான் காட்டுவார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நான் உண்மையை எழுதினால் காதரின் வேலை போகலாம். பொய் எழுதினால் மூன்று பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவோம். ஆனால் சீல் குறை என்று எழுதினால், அது ஃபாக்டரிக்குப் போகும். எந்த ஷிஃப்ட், யார் தார் ஊற்றினது என்று தேடிப் பிடிப்பார்கள். அங்கே புகையில் இருமிக்கொண்டு நிற்கிற எவனோ ஒருத்தன் தலையில் விடியும். அவர்களோடு நின்று வேலை கற்றவள் நான். ஒருத்தனைக் காப்பாற்ற முகம் தெரியாத இன்னொருத்தனைக் கொடுப்பதா?

கன்னா சாஹிபிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தன் பேனாவை எடுத்து, காலியாக இருந்த ரிப்போர்ட் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "மேலே நீங்கள் எழுதுங்கள். நான் படிக்கத் தேவையில்லை" என்றார் ஹிந்தியில். எனக்கு எத்தனையோ பாராட்டு வந்திருக்கிறது, ரிடையர் ஆகும்போது வெள்ளித் தட்டுகூடக் கொடுத்தார்கள். அதெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

எழுதினேன். கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. காரணம், பூஜையின்போது பள்ளிச் செயலாளர் வைத்த சந்தனம் மூடித் துளைகளை அடைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். டிரைவரைப் பற்றி எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது. இடம் இல்லாவிட்டால் என்ன, ஓரத்தில் இருக்கிறதே! ஓரத்தில் எழுதினேன். செக்ரட்டரி படித்துவிட்டு, முகம் கடுகடுக்க மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். காதர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சமையலில் கை ஓடவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை, வரிசை வாசல்வரை நிற்கிறது. நடுவில் காதர், கையில் அந்தத் தாள்.  "பாய், முன்னால வாங்க. என்ன ஆச்சு?" என்றேன்.

"செக்ரட்டரி சார் கமிட்டியில எழுந்து நின்னு, பொட்டு வச்சது நான், புது பேட்டரி நான் வாங்கித் தரேன், காதர் மேல தப்பு இல்லேன்னு சொல்லிட்டாரும்மா. இந்தத் தாளை எங்கிட்டயே குடுத்து, நீ வச்சுக்கன்னாரு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன போட்டிருக்குன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா."

வாங்கி மேலிருந்து படிக்க ஆரம்பித்தேன். "அது கிடக்கட்டும்மா. என்னைப் பத்தி இருக்காமே, அந்த இடம்."

ஓரத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்: "டிரைவரின் பராமரிப்பில் எந்தக் குறையும் இல்லை. சுத்தமான தண்ணீர் மட்டுமே ஊற்றியிருக்கிறார். இவ்வளவு அக்கறையாக வைத்துக்கொள்ளும் ஆட்களை நாங்கள் அரிதாகத்தான் பார்க்கிறோம்."

காதர் அந்த ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. எழுந்து நின்று, மூன்றாவது தடவையாக, இந்த முறை ஹிந்தியில், கடைசியில் நின்ற சர்தார்ஜிக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தேன்.